நான்கு தடவை வந்த பெயர்

போன வாரம் என் போன், இடமில்லை இடமில்லை என்று தினமும் புலம்ப ஆரம்பித்தது. மகன் தன் கம்ப்யூட்டரில் ஒரு ஒயரைச் செருகிக் கொடுத்து, "படத்தையெல்லாம் இதுக்கு மாத்திக்கம்மா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். பாதி போய்க்கொண்டிருக்கும்போது திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. இதே பெயரில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறதாம். அதை எடுத்துவிட்டு இதை வைக்கவா, இல்லை இரண்டையும் வைத்துக்கொள்ளவா என்று கேட்டது. நான் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவன் எட்டிப் பார்த்து, "ரெண்டும் ஒண்ணுதானேம்மா, ஒண்ணு போதும்" என்று கையை நீட்டினான். "தொடாதே" என்று ஒரு கத்து கத்தினேன் பாருங்கள், அவன் துண்டைக் கீழே போட்டுவிட்டான். கிழவிக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறான். அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

இன்றைக்கு ஒரு ஒயரில் ஆயிரம் படம் போகிறது, கையில் ஒரு கறை படுவதில்லை. எங்கள் காலத்தில் பத்துப் பெயர் அனுப்பினாலே விரலெல்லாம் மெஷின் எண்ணெய் நாறும். சோப்புப் போட்டாலும் போகாது. மதியம் தயிர்சாதத்தைப் பிசைந்தால் அதிலும் அந்த வாசம்தான். எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம், நெல்லும் கடலையும். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணிவிட்டேன் என்ற ஒரே தைரியத்தில் பாலக்காட்டில் ஒரு கம்பெனிக்கு மனுப் போட்டேன். இடுக்கி மலையில் தேயிலை எஸ்டேட் வைத்திருந்த கம்பெனி. கொல்லங்கோடு வழியாக பஸ்ஸில் போய்வர வேண்டும். அப்பா ஒரு வாரம் யோசித்துவிட்டு, "போறதுன்னா போ, அம்மிணி. ஆனா பேச்சு வாங்கிட்டு ஊட்டுக்கு வராதே" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் பின்னால் என்னைப் பிடித்துக்கொண்டது என்று சாக்குச் சொல்லலாம். சொல்லியும் இருக்கிறேன், எனக்கு நானே, பல தடவை.

ஆபீசின் பின்னறையில் ஒரு டெலிபிரிண்டர். மலையில் எஸ்டேட் ஆபீசில் அதற்கு ஒரு ஜோடி. அங்கே தட்டினால் இங்கே எழுத்து விழும். கூடவே ஒரு காகித நாடாவில் ஓட்டை ஓட்டையாகக் குத்திக்கொண்டு வரும். அதைத்தான் டேப் என்போம். வந்ததைப் பார்த்துச் சரிசெய்து, அட்டைகளில் துளை போட்டு, பெட்டியில் அடுக்கி, சாயங்கால ரயிலில் கோயமுத்தூருக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒரு மில்லில் கம்ப்யூட்டர் இருந்தது. வாரத்தில் சில மணி நேரம் எங்கள் கம்பெனி அதை வாடகைக்கு எடுத்திருந்தது. நான் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. கோயிலில் மூலவரைப் பார்க்காமலே பிரகாரத்தைக் கூட்டிக்கொண்டிருந்த கதைதான். ஓட்டை போட்டதில் விழும் பொட்டுப் பொட்டான காகிதம் தலைமுடியில் ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் வீட்டுக்குப் போனதும் அம்மா, "இதென்ன கண்ணு, தலையெல்லாம் பொரி கொட்டிக் கெடக்குது" என்று கேட்டாள்.

மலையிலிருந்து ஒரு பட்டியல் கீழே வருவதற்கு மூன்று வழி இருந்தது. ஒன்று, இந்த டெலிபிரிண்டர் லைன். வெயில் காலத்தில் பெயர்கள் சாரைசாரையாக வரும். இரண்டாவது, டிரங்க் கால். புக் பண்ணிவிட்டுக் காத்திருந்து, கிடைத்ததும் தொண்டை கிழியக் கத்திப் பெயர்களைச் சொல்ல வேண்டும். எக்ஸ்சேஞ்ச்காரி நடுவில் புகுந்து, "கழிஞ்ஞோ, கழிஞ்ஞோ" என்று, முடிந்ததா முடிந்ததா என்று பிடுங்குவாள். மூன்றாவது, பஸ். டேப்பைச் சுருட்டி பிஸ்கட் டின்னில் போட்டு, மூணாறில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் அது மறையூர் வழியாக உடுமலைப்பேட்டை வரும். அங்கே இன்னொரு கண்டக்டர், பொள்ளாச்சியில் இன்னொருவர். எங்கள் ஊர் அந்தச் சாலையில்தான் என்பதால் காலையில் கோவிந்தாபுரம் பஸ் நிறுத்தத்திலேயே டின்னை என் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகும், ஆனால் ஒரு எழுத்துக்கூடச் சேதப்படாது. மலையில் இருந்த ஆள் எதை லைனில் அனுப்பினாலும் ஒரு பிரதியை பஸ்ஸிலும் ஏற்றிவிடுவார். அவ்வளவு ஜாக்கிரதை.

அவர் பெயர் சண்முகவேல். பாட்டன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து எஸ்டேட்டுக்கு வந்த குடும்பம். வேலை முடிந்ததும் மெஷினிலேயே இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டி நலம் விசாரிப்பார். நான் கடைசியில் என் இனிஷியலை மட்டும் போடுவேன். எதிரில் இருப்பது ஆம்பிளை என்றே நினைத்து மூன்று மாசம் என்னை "அண்ணாச்சி, சாப்பாடு ஆச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் டிரங்க் காலில் என் குரலைக் கேட்டதும்தான் விஷயம் புரிந்தது. அப்புறம், "யக்கா, மன்னிச்சிருங்க" என்றார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், கடைசி வரை அக்காதான்.

மழைக்காலத்தில் லைன் இரையும். எழுத்து மாறும், விழும். அதற்காக நாங்கள் இருவருமே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு பெயரையும் அவர் இரண்டு தடவை அனுப்புவார். நான் ஒழுங்காக வந்ததை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுவேன். இரைச்சல் ரொம்ப அதிகமானால் மூன்று தடவை, நான்கு தடவைகூட அனுப்புவார். எல்லாம் முடிந்ததும் மொத்தம் எத்தனை பெயர் என்று தட்டுவார். நான் எண்ணிப் பார்த்துச் சரி என்று பதில் தட்டினால்தான் வேலை முடிந்தது. அடிப்பதில் நான் கெட்டிக்காரி. பென்சில் பறக்கும். சூப்ரண்ட் நாயர் சார் அடுத்த அறை ஆட்களைக் கூட்டிவந்து, "நோக்கு, குட்டியோட ஸ்பீடு நோக்கு" என்று காட்டுவார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

அந்த ஆடியில்தான் நிரந்தரப் பட்டியல் வந்தது. எஸ்டேட்டில் ஏழெட்டு வருஷமாகத் தற்காலிகமாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களை நிரந்தரமாக்கும் பட்டியல். நிரந்தரம் என்றால் எஸ்டேட் லைனில், அதாவது வரிசையாகக் கட்டியிருக்கும் தொழிலாளர் குடியிருப்பில், சொந்தமாக ஒரு வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைப்பேற்றுக்குச் சம்பளத்தோடு லீவு. பட்டியலில் விட்டுப்போனால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நிரந்தரக்காரிகளுக்குத்தான் நம்பர் உண்டு. தற்காலிகக்காரிகளுக்கு வெறும் பெயர், அப்பன் இனிஷியல், டிவிஷன், வயது, அவ்வளவுதான். அன்று சாயங்கால ரயிலில் அட்டைப்பெட்டி போயே ஆகவேண்டும் என்று நாயர் சார் காலையிலேயே சொல்லிவிட்டார்.

லைன் அன்று கொதிக்கிற எண்ணெய் மாதிரி இரைந்தது. எல்லாப் பெயரும் இரண்டிரண்டாக வந்துகொண்டிருந்தது. நடுவில், எம். வெள்ளத்தாயி, மேல் டிவிஷன், வயது இருபத்தாறு என்ற வரி மட்டும் நான்கு தடவை வந்தது. நான்கும் பழுதில்லாமல் வந்தன. மனுசன் பயத்தில் கூடுதலாகத் தட்டிவிட்டார் என்று சிரித்துக்கொண்டே மூன்றை அடித்தேன். கடைசியில் எண்ணினால் அவர் சொன்ன மொத்தத்துக்கு ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினேன். ஒன்று குறைந்தது. மெஷினில் கேட்டுத் தட்டினேன், பதிலில்லை. லைன் அறுந்துவிட்டது. டிரங்க் கால் புக் பண்ணினேன். ஒன்றரை மணி நேரம் கழித்து எக்ஸ்சேஞ்ச்காரி, மூணாறே கிடைக்கவில்லை என்றாள். டின் வர மறுநாள் காலை ஆகும். மணி நாலு ஆகிவிட்டது.

நாயர் சார் வாசலில் வந்து நின்று, "எண்ணம் ஒத்தோ?" என்று கேட்டார். எண்ணிக்கை ஒத்துப்போனதா என்றுதான் கேட்டார், வேறொன்றும் கேட்கவில்லை. அந்த அறையில் வேலைக்கு வந்த முதல் பெண் நான். அதற்கு முந்தின மாசம்தான் ஒரு தப்புக்கு, பெண்பிள்ளைகளை வைத்தால் இப்படித்தான் என்று யாரோ சொல்லி என் காதில் விழுந்திருந்தது. ஒன்று குறைகிறது என்று சொன்னால் ரயில் போய்விடும், பேச்சு வரும். இரைச்சலில் பெயர் கெடும்போது அந்த மொத்தம் மட்டும் கெடாதா என்று எனக்குள் ஒரு குரல். "ஒத்து வந்திருச்சுங்க, சார்" என்றேன். அவர் போனதும் காகிதத்தில் இருந்த மொத்தத்தை மை ரப்பரால் அழித்து ஒன்று குறைத்து எழுதினேன்.

மறுநாள் காலை கோவிந்தாபுரத்தில் கண்டக்டர் டின்னைக் கொடுத்தார். ஆபீசுக்குப் போய் டேப்பை மெஷினில் ஓட்டினேன். பஸ்ஸில் வருவதில் ஒவ்வொரு பெயரும் ஒரு தடவைதான் இருக்கும். எம். வெள்ளத்தாயி, மேல் டிவிஷன், இருபத்தாறு. அதற்குக் கீழேயே, எம். வெள்ளத்தாயி, மேல் டிவிஷன், இருபத்தாறு. இரண்டு பேர். அப்பன்கள் யார் என்பது பின்னால் சண்முகவேல் சொல்லித்தான் தெரிந்தது: அண்ணன் முத்தையா, தம்பி மாடசாமி, இரண்டு பேருக்கும் மூத்தது பெண். இரண்டு பேரும் தங்களைப் பெற்றவளின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், யாராயிருந்தாலும் அதைத்தான் வைப்பார்கள். எனக்குத் தெரியாத வழக்கமா? என் பெரியப்பன் மகளுக்கும் எனக்கும் ஒரே பெயர். வீட்டில் அவள் பெரியவள், நான் சின்னவள். நாளைக்கு ஒருத்தன் எங்கள் இருவரில் ஒருத்தியை அடித்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கத் தெரியாத கெட்டிக்காரி நான்.

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். கோயமுத்தூரில் அட்டை ஓடுவதற்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. ஒரு போன் போதும். ஆனால் சொன்னால் எண்ணிக்கையைத் திருத்தியதையும் சொல்ல வேண்டும். டேப்பைச் சுருட்டி டின்னில் போட்டு, டின்னை என் மேஜை இழுப்பறையின் அடியில் வைத்தேன். கேவலம்தான். வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

பத்து நாள் கழித்து லைன் சரியானது. சண்முகவேல் முதலில் தட்டியது அதைத்தான். வெள்ளத்தாயி ரெண்டு பேர் உண்டே அக்கா, ரெண்டும் வந்துதா? நான் தட்டினேன்: ஒண்ணுதான் வந்துச்சு. பஸ் டேப்பிலும்? பஸ் டேப்பிலும் ஒண்ணுதான். அப்புறம், அப்போ என் கைப்பிசகுதான் அக்கா, என்று ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது.

மேலே நடந்ததை அவர் துண்டு துண்டாகத் தட்டித்தான் தெரிந்துகொண்டேன். காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்தில் கம்ப்யூட்டர் பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு வெள்ளத்தாயியும் ஒரே வரியில் விரலை வைத்திருக்கிறார்கள். அக்காளும் தங்கையுமாக ஒரே லைனில் வளர்ந்தவர்கள், கொழுந்துக்கூடையை ஒருத்திக்கு ஒருத்தி தூக்கிவிடுகிறவர்கள். எஸ்டேட் ஆபீசர், "கம்ப்யூட்டர்ல ஒரு பேருதான் வந்திருக்கு, யாருன்னு நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரிலும் உண்டு, அங்கேயும் உண்டு: முடிவு தெரியாத விஷயத்தை அம்மன் முன்னால் வைத்துப் பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துப் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். முத்தையா மகளுக்கு விழுந்தது. மாடசாமி மகள் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, "நீ இருந்தா நான் இருந்த மாதிரிதான்" என்று மற்றவளைக் கட்டிக்கொண்டாளாம்.

அதோடு முடிந்திருந்தால்கூட நான் ஏதோ தேறியிருப்பேன். மறுநாள் லைன் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பியது. முத்தையா அங்கே கங்காணி, வேலையாட்களின் மேஸ்திரி. அவர்தான் ஆபீசில் சண்முகவேலிடம் சொல்லித் தம்பி மகள் பெயரை விடச் சொல்லிவிட்டார், பூக்கட்டியதெல்லாம் ஊருக்குக் காட்டிய நாடகம், என்று. சண்முகவேல் தன் கைப்பிசகு என்று சொல்லச் சொல்ல அது இன்னும் உறுதியானது. மாடசாமி மகள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் புருஷனோடு வட்டவடைக்குப் போய்விட்டாள். பூண்டு பிடுங்கவும் கேரட் கழுவவும் அங்கே ஆள் தேவை இருந்தது.

நான் பிறகும் பதினோரு வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்தேன். கல்யாணம் ஆனது, மகன் பிறந்தான், சம்பளம் ஏறியது. டெலிபிரிண்டரைக் கழற்றிய அன்று மேஜையைக் காலி பண்ணச் சொன்னார்கள். அடியில் டின். அதை எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூணாறுக்கு பஸ் ஏறினேன்.

சண்முகவேலை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறேன். மெலிந்த மனுசன், முன்நெற்றி முழுக்க வழுக்கை. "யக்கா, குரலு மாறல பாத்தியளா" என்று சிரித்தார். மாடசாமி மகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அவரையும் கூட்டிக்கொண்டு ஏறிய வட்டவடை ஜீப்பில் டின்னை அவர் மடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டேப்பை இழுத்து வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டைகளை விரலாலேயே தடவிப் படித்தார். டேப்பைத் திரும்பச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "என் கை தப்பாதுன்னு எனக்குத் தெரியும்க்கா. ஆனா நீங்க பொய் சொல்லமாட்டியன்னும் நெனச்சேன். ரெண்டுல எத நம்புததுன்னு தெரியாம உங்கள நம்பிட்டேன்." திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளத்தாயி பூண்டுக் காட்டின் ஓரத்தில் ஒரு தகரக்கூரை வீட்டில் இருந்தாள். என் வயதை ஒட்டியவள்தான், பார்த்தால் பத்து வயது கூடத் தெரிந்தது. சண்முகவேலைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வாசலில் நின்றபடியே சொன்னேன். உங்கள் இரண்டு பேர் பெயரையும் இவர் அனுப்பினார், இரண்டும் வந்தது, ஒன்றை அடித்தவள் நான், தெரிந்த பிறகும் மறைத்தவள் நான், கங்காணி ஒன்றும் செய்யவில்லை என்று.

அவள் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "அப்போ எங்க பெரியப்பா ஒண்ணும் சொல்லலியா?"

"இல்லைங்க."

"அவளுக்கும் ஒண்ணும் தெரியாதா?"

"தெரியாதுங்க."

படியில் உட்கார்ந்துவிட்டாள். "வருசா வருசம் திருவிழாவுக்கு ஆள் விட்டா. நான் மூஞ்சி குடுக்கல. போன தையில அவ செத்துப்போனா. சேதி வந்தும் நான் போகல. இத நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா, சாவுக்காவது போயிருப்பேன்லா" என்றாள். அழவில்லை. அழுதது நான்தான், அதற்கும் அவள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வேலையைப் பற்றி, லைன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது அந்த மேல் டிவிஷனில் பாதி லைன் வீடுகளுக்குக் கூரை இல்லையாம். பாலக்காட்டு ஆபீசை இடித்துவிட்டு நகைக்கடை கட்டியிருக்கிறார்கள். டெலிபிரிண்டரை எடைக்குப் போட்டதை நானே பார்த்தேன். நாயர் சார் இல்லை, சண்முகவேலும் போய்ச் சேர்ந்துவிட்டார், வட்டவடைக்காரியும் போய்விட்டாள் என்று சண்முகவேலின் மகன்தான் எழுதினான். இதெல்லாம் என்றைக்கானாலும் போகிறவைதான், பொறுத்துக்கொள்ளலாம். வட்டவடையிலிருந்து அந்த லைனுக்கு ஜீப்பில் மூன்று மணி நேரம்கூட இல்லை. அந்தத் தூரத்தில் இரண்டு வெள்ளத்தாயிகளும் பத்து வருஷம் பேசியிருக்க வேண்டியது எவ்வளவோ இருந்தது, அதை இல்லாமல் ஆக்கியவள் நான்.